பிக்கப் வண்டிக்கு ஏர் பேக் போடலாமா? பணம் எடுக்கும் முன் போட வேண்டிய 5 கணக்கு



நம்ம வாசகர்களில் நிறைய பேருக்கு இந்த நிலைமை பழக்கமானதுதான். நீங்க சென்னையிலோ, ஒரகடத்திலோ மாதச் சம்பளத்தில் இருக்கீங்க. ஊரில், அதாவது திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி பக்கம், அண்ணனோ தம்பியோ ஒரு பிக்கப் ஓட்டுறார். உங்க சம்பளச் சிலிப்பைக் காட்டினால்தான் லோன் கிடைத்தது என்பதால் வண்டி உங்க பேரில் இருக்கும். ஒரு நாள் ஊரிலிருந்து போன் வரும்: "லோடு ஏத்தினா பின்னாடி ரொம்ப உட்காருது. டிரெய்லர் மாட்டினா முன்னாடி தூக்குது. ஏர் பேக் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. ஒரு 45 ஆயிரம் போட்டு விடு."

போட்டு விடலாமா, வேண்டாமா? இது வெறும் மெக்கானிக் சமாச்சாரம் இல்லை. பணம் உங்களுடையது. பொறுப்பும் உங்க பேரில். ராத்திரி ஜிஎஸ்டி ரோட்டில் அந்த ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர் உங்க வீட்டு ஆள். அதனால் பணம் அனுப்பும் முன் 5 கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் விலையும் எடையும் கணக்கைப் புரிய வைக்க நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்க வண்டிக்கு உங்க எண்ணைப் போட்டுக்கோங்க.

முதலில் ஏர் பேக் என்றால் என்ன?

கார் மோதினால் விரியும் பலூன் இல்லை இது. இந்த ஏர் பேக் கனமான ரப்பர் பை. பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டி, காற்று அடைப்பார்கள். ஜிஎஸ்டி ரோட்டில் மெத்தை மாதிரி மிதந்து போகும் ஆம்னி பஸ்களில் இருப்பதும் இதே தத்துவம்தான். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அந்த பஸ்ஸில் முழு எடையையும் காற்றுப் பையே தாங்கும்படி கம்பெனி வடிவமைத்திருக்கும். நம்ம பிக்கப்பில் எடையைத் தாங்குவது பட்டைகள், அதாவது லீஃப் ஸ்பிரிங். வெளியே வாங்கி மாட்டும் ஏர் பேக் அதற்கு ஒரு கைத்தாங்கல் மட்டுமே.

காலி வண்டியில் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம், லோடு ஏறினால் கூட்டிக்கொள்ளலாம். இதுதான் இதன் பெரிய பலம். கூடுதல் பட்டையில் இந்த வசதி கிடையாது.

கணக்கு 1: எடை மேடைச் சீட்டு

வண்டி உட்காருவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பட்டை தளர்ந்திருக்கலாம் அல்லது நடுவில் ஒன்று உடைந்திருக்கலாம். இரண்டாவது, வண்டி தாங்கும் எடைக்கு மேல் ஏற்றுகிறோம். முதல் காரணத்துக்கு வைத்தியம் பட்டறையில். இரண்டாவது காரணத்துக்கு எந்த பட்டறையிலும் வைத்தியம் கிடையாது.

எது என்று தெரிய ஒரே வழி எடை மேடை. ரைஸ் மில், கல் குவாரி, சர்க்கரை ஆலை இருக்கும் ஊரில் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. நாலு சீட்டு வாங்கச் சொல்லுங்க:

1. காலி வண்டி, முழுசாக.
2. வழக்கமான லோடோடு, முழுசாக.
3. அதே லோடோடு, பின் சக்கரங்கள் மட்டும் மேடை மேல்.
4. டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிய நிலையில், வண்டியின் பின் சக்கரங்கள் மட்டும் மேடை மேல்.

இதை ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்க. பின் அச்சு எவ்வளவு தாங்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆர்.சி.படி காலி எடை 1,700 கிலோ, மொத்த எடை 3,000 கிலோ. தொழில் சவுண்ட் சர்வீஸ். மேல்மலையனூர் அமாவாசை, மயிலம் பங்குனி உத்திரம், மற்ற நாளில் கல்யாணம், காதுகுத்து. சவுண்ட் பாக்ஸ், சீரியல் செட், ஒயர், கம்பி எல்லாம் சேர்த்து 1,100 கிலோ. டிரைவரும் கூட வருபவரும் 150 கிலோ. ஆக மொத்தம் 2,950. சட்டத்துக்கு உட்பட்டு 50 கிலோ இடம் இருக்கிறது. பின்னாடி ஜெனரேட்டர் டிரெய்லர் மாட்டும்போதுதான் கதை மாறுகிறது.

கணக்கு 2: கொக்கி மேல் விழும் எடை

"டிரெய்லர் எடை டிரெய்லர் சக்கரத்தில்தானே நிக்குது, நம்ம வண்டிக்கு என்ன?" என்று கேட்பவர்கள் அதிகம். பாதிதான் சரி.

இரண்டு சக்கர டிரெய்லர் என்றால், அதன் எடையில் ஒரு பங்கு கொக்கி வழியாக நம்ம வண்டி மேல் உட்காரும். டிரெய்லர் ஆடாமல் நேராக வர, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஜெனரேட்டரோடு டிரெய்லர் 1,200 கிலோ என்றால் கொக்கி மேல் 120 முதல் 180 கிலோ. நடுவாக 150 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 150 கிலோ பின் அச்சுக்கு நேர் மேலே விழவில்லை. அதற்கும் பின்னால், கொக்கி இருக்கும் இடத்தில் விழுகிறது. சின்ன வயதில் ஏற்றப்பலகை ஆடியிருப்பீங்களே, அதேதான். பின் அச்சு நடுத்தாங்கி. பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 3 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால்:

முன் அச்சு இழக்கும் எடை = 150 × 1.2 ÷ 3 = 60 கிலோ.
பின் அச்சில் ஏறும் எடை = 150 + 60 = 210 கிலோ.

கொக்கியில் விழுந்தது 150. பின் அச்சு சுமப்பது 210. முன் சக்கரத்தில் 60 கிலோ பிடிப்பு போச்சு. ஸ்டீயரிங் லேசாக இருக்கிறது, ராத்திரி எதிரே வருபவர் கண்ணில் நம்ம ஹெட்லைட் அடிக்கிறது என்பதெல்லாம் இதனால்தான். மொத்த எடையும் 2,950 + 150 = 3,100 ஆகிவிட்டது. ஆர்.சி.யைத் தாண்டி 100 கிலோ.

இங்கே ஏர் பேக் போட்டால் என்ன ஆகும்? வண்டியின் பின்பக்கம் எழும்பும். ஹெட்லைட் சரியாகும். அடி தட்டுவது நிற்கும். ஆனால் முன் சக்கரம் இழந்த 60 கிலோ திரும்ப வராது. பின் அச்சில் 210 கிலோ அப்படியே இருக்கும். வண்டி பார்க்க நேராக நிற்கும், எடை நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த ஒரு வரி புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

இன்னொன்று. உங்க டிரெய்லர் முன் அச்சு தனியாகத் திரும்பும் நாலு சக்கர வகை என்றால் கொக்கி மேல் எடை மிகக் குறைவு. அந்த டிரெய்லருக்காக ஏர் பேக் வாங்குவதில் அர்த்தமே இல்லை. அங்கே கவலைப்பட வேண்டியது பிரேக்கைப் பற்றி.

காசில்லாத வைத்தியம் ஒன்று

செலவு பண்ணும் முன் லோடை நகர்த்திப் பாருங்க. 300 கிலோ சவுண்ட் பாக்ஸை அரை மீட்டர் முன்னால், கேபின் பக்கம் தள்ளினால், பின் அச்சிலிருந்து 300 × 0.5 ÷ 3 = 50 கிலோ முன் அச்சுக்குப் போகும். முன் அச்சு இழந்த 60 கிலோவில் 50 கிலோ திரும்பி வந்துவிட்டது, ஒரு பைசா செலவில்லாமல். ஏர் பேக்கால் செய்ய முடியாத வேலை இது.

ஆனால் கொக்கி எடையைக் குறைக்கிறேன் என்று டிரெய்லரில் ஜெனரேட்டரைப் பின்னால் தள்ளாதீங்க. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வேகத்தில் டிரெய்லர் வால் மாதிரி ஆடத் தொடங்கும். பிறகு அதை அடக்குவது கஷ்டம்.

கணக்கு 3: எந்த வைத்தியம் யாருக்கு?

*பட்டையைச் சரி செய்வது.* உடைந்த பட்டையை மாற்றுவது, தேய்ந்த புஷ், ஷாக்கிள் மாற்றுவது, வளைவு போன பட்டைக்குப் புதுசு போடுவது. எடைச் சீட்டு வரம்புக்குள் இருந்தும் வண்டி உட்கார்ந்தால் முதல் சந்தேகம் இங்கேதான். பழைய வண்டிகளில் பல நேரம் இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

*கூடுதல் பட்டை.* விலை குறைவு. எந்த பட்டறையிலும் செய்வார்கள். பஞ்சர், கசிவு என்ற பேச்சே இல்லை. ஆனால் காலியாக ஓடும்போது வண்டி துள்ளும். ஈர ரோட்டில் துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. தினமும் லோடோடு ஓடும் வண்டிக்கு, அதாவது மரக்காணம் உப்பு, செங்கல், சவுக்குக் கட்டை என்று ஓடும் வண்டிக்கு, இது பொருந்தும்.

*ஏர் பேக்.* விலை அதிகம், பராமரிப்பும் உண்டு. ஒரு நாள் லோடு, மூன்று நாள் காலி என்று ஓடும் வண்டிக்கும், எப்போதாவது டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கும், குலுங்கினால் கெட்டுப்போகும் சரக்கு ஏற்றும் வண்டிக்கும் இதுதான் சரி.

ஆக, கேட்க வேண்டிய முதல் கேள்வி "எது நல்லது?" என்பது இல்லை. "மாதத்தில் எத்தனை நாள் முழு லோடு, எத்தனை நாள் காலி?" என்பதுதான். தம்பியிடம் ஒரு மாத டிரிப் நோட்டைக் கேட்டு வாங்குங்க. பதில் அதிலேயே இருக்கும்.

ஏர் பேக் செய்யாத மூன்று வேலைகள்

ஒன்று, சட்ட எடையைக் கூட்டாது. ஏர் பேக் பெட்டியில் எத்தனை கிலோ என்று அச்சிட்டிருந்தாலும் உங்க ஆர்.சி.யில் இருக்கும் எண்தான் எண். அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில், 2019 செப்டம்பர் 1 முதல், 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் இருக்கிறது. கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான்.

இரண்டு, டயர், அச்சு, பிரேக் இவற்றின் பலத்தைக் கூட்டாது. முன்பெல்லாம் வண்டி உட்கார்ந்து "போதும்" என்று சொல்லிவிடும். ஏர் பேக் போட்ட பிறகு அந்த எச்சரிக்கை கண்ணுக்குத் தெரியாது. இன்னும் 200 கிலோ ஏற்றலாமே என்று கை போகும். டயர் வெடிக்கும்போதுதான் தெரியவரும்.

மூன்று, இதைப் பலரும் சொல்ல மாட்டார்கள். பல பிக்கப்களில் பின் பிரேக்குக்கு ஒரு வால்வு இருக்கும். பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ இணைத்திருக்கும். வண்டி உட்கார்ந்தால் "லோடு இருக்கு" என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். வண்டி எழும்பி நின்றால் "காலி வண்டி" என்று நினைத்துக் குறைக்கும். இப்போது ஏர் பேக்கோ கூடுதல் பட்டையோ போட்டு, முழு லோடில் வண்டியை உயர்த்தி நிறுத்திவிட்டால்? வால்வு ஏமாந்துவிடும். லோடு முழுசு, பின் பிரேக் பாதி. விக்கிரவாண்டி டோல் முன்னால் வண்டிகள் திடீரென்று நிற்கும்போது இதன் விலை தெரியும்.

அதனால் மாட்டும் முன்பே கேளுங்க: "இந்த வண்டியில் லோடு பார்த்து மாறும் பிரேக் வால்வு இருக்கா? ஏர் பேக் போட்ட பிறகு அதைக் கம்பெனி சொன்ன அளவுக்கு யார் செட் பண்ணுவாங்க?" பதில் சொல்லத் தெரியாத இடத்தில் வண்டியை விடாதீங்க.

கணக்கு 4: ஒரு நாளுக்கு எவ்வளவு?

ஏர் பேக், கம்ப்ரசர், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் என்று வைப்போம். கையில் இல்லை, 14 சதவீத வட்டியில் 24 மாதத்துக்குப் பர்சனல் லோன் எடுக்கிறீங்க. மாதத் தவணை சுமார் 2,160 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 51,850. வட்டி மட்டும் 6,850.

நாலு வருஷம் உழைக்கும், வருஷத்துக்குப் பராமரிப்பு 2,000 என்று வைத்தால் மொத்தச் செலவு 59,850 ரூபாய்.

- வருஷத்தில் 60 நாள் தேவைப்பட்டால்: 240 நாளுக்கு, நாள் ஒன்றுக்குச் சுமார் 250 ரூபாய்.
- வருஷத்தில் 15 நாள்தான் என்றால்: 60 நாளுக்கு, நாள் ஒன்றுக்குச் சுமார் 1,000 ரூபாய்.

250 ரூபாய் என்றால் வாடகையில் கேட்டு வாங்கிவிடலாம். 1,000 ரூபாய் என்றால் யோசிக்கணும். அந்த 15 நாளுக்கு ஜெனரேட்டரை இன்னொரு வண்டியில் அனுப்பினால் என்ன ஆகும் என்று விசாரியுங்க. எடையும் வரம்புக்குள் வந்துவிடும்.

கூடுதல் பட்டை 8,000 ரூபாய் என்றால் அதே 240 நாளுக்கு நாள் ஒன்றுக்கு 33 ரூபாய்தான். கையில் இருக்கும் காசிலேயே முடிந்துவிடும். லோன் வேண்டாம்.

இன்னொரு விஷயம். இந்தப் பணம் உங்க அவசர நிதியிலிருந்து போகக் கூடாது. வண்டி சம்பாதிக்கிறது என்றால் வண்டிக்கு ஒரு தனி அக்கவுண்ட் வேண்டும். வாடகை அதில் வரணும், டீசல், டயர், எஃப்.சி., பட்டை எல்லாம் அதிலிருந்து போகணும். அந்த அக்கவுண்ட்டில் 45,000 சேரவே இல்லை என்றால், வண்டி தன் செலவைத் தானே சுமக்கவில்லை, உங்க சம்பளம் சுமக்கிறது என்று அர்த்தம். அப்போது சரி செய்ய வேண்டியது சஸ்பென்ஷனை இல்லை, வாடகை ரேட்டை.

கணக்கு 5: உங்க பேரில் இருக்கும் காகிதங்கள்

வண்டி உங்க பேரில் இருந்தால் இந்த மூன்றையும் பாருங்க.

*மாற்றம்.* அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, வெளியிலிருந்து பாகம் மாட்டுவதையும் சேர்த்தே, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. தண்டனை ஓட்டியவருக்கு இல்லை, உரிமையாளருக்கு. டிஎன் 16 என்றால் திண்டிவனம், டிஎன் 32 என்றால் விழுப்புரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீங்க மாட்டப்போகும் பொருளைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிக்கோங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு மெயில். சேஸிஸில் துளை போட வேண்டிய கிட் என்றால் இரண்டு மடங்கு ஜாக்கிரதை. இருக்கும் துளையிலேயே மாட்டும் வகை இருந்தால் அதுவே மேல்.

*டிரெய்லர்.* சட்டத்தின் பார்வையில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். பதிவு இல்லாமல், இன்சூரன்ஸ் இல்லாமல் லேத் பட்டறையில் அடித்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு விபத்து நடந்தால், நஷ்ட ஈடு கேட்டு வரும் நோட்டீஸ் உங்க ஆபீஸ் முகவரிக்குக்கூட வரலாம்.

*வருமான வரி.* உங்க பேரில் லாரி, பிக்கப் ஓடினால் அதன் வருமானமும் உங்க கணக்கில் வரும். வருமான வரிச் சட்டப்படி, கனரக வண்டி அல்லாத சரக்கு வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு 90,000. இப்படிக் காட்டினால் டீசல், தேய்மானம், ஏர் பேக் என்று தனியாகச் செலவைக் கழிக்க முடியாது. சம்பளத்துக்கு மட்டும் போடும் ஐடிஆர் 1 படிவமும் ஒத்துவராது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.

வாங்குவது என்று முடிவு செய்தால்

- இடது, வலது இரண்டுக்கும் தனித்தனிக் காற்றுக் குழாய் கேளுங்க. ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் ஒரு பக்கக் காற்று மறுபக்கம் ஓடி வண்டி சாயும்.
- காலி வண்டியிலும் கிட் கம்பெனி சொன்ன குறைந்தபட்சக் காற்று இருக்கணும். பொதுவாக 5 பி.எஸ்.ஐ. காற்றே இல்லாமல் ஓடினால் பை மடிந்து கிழியும்.
- சைலன்சர் குழாய் பைக்கு அருகில் போகிறதா என்று பாருங்க. நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு வேண்டும்.
- மரக்காணம் உப்பளம் பக்கம் ஓடும் வண்டி என்றால் தாங்கிகள் துருப் பிடிக்கும். கல் குவாரி ரோட்டில் கூர்மையான ஜல்லி பையைப் பதம் பார்க்கும். மாதம் ஒருமுறை கழுவி, சோப்புத் தண்ணி தடவிக் கசிவு பார்க்கணும்.
- காலி வண்டியில் பின் பம்பர் உயரத்தை அளந்து எழுதி வைங்க. லோடு ஏற்றிய பின் அந்த உயரத்துக்கு மேல் ஒருபோதும் தூக்காதீங்க.
- தினமும் காற்று மாற்றும் தேவை இல்லையென்றால் கம்ப்ரசர் வேண்டாம். டயர் மாதிரியே பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கும் வால்வு போதும். செலவும் குறையும்.

முடிவாக

எடை வரம்புக்குள், தினமும் லோடு என்றால் பட்டை. எடை வரம்புக்குள், லோடும் காலியும் மாறி மாறி என்றால் ஏர் பேக். எடை வரம்புக்கு வெளியே என்றால் இரண்டும் இல்லை. லோடைக் குறைக்கணும், இல்லையென்றால் வேறு வண்டிக்கு வாடகை கொடுக்கணும். அதுவும் தினசரிக் கதை என்றால் அடுத்த அளவு வண்டிக்கு இப்போதிருந்தே பணம் சேர்க்கத் தொடங்கணும்.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போறீங்கன்னா, தம்பியோடு வண்டியில் ஏறி எடை மேடைக்குப் போயிட்டு வாங்க. நாலு சீட்டு கைக்கு வரட்டும். அதற்குப் பிறகு 45,000 அனுப்புவதா, 8,000 அனுப்புவதா, "கொஞ்சம் லோடைக் குறைடா" என்று சொல்வதா என்பதை நீங்க இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணலாம்.